நகைச்சுவை எழுதுவோம்



எஸ். எஸ். வாசன் 1928இல் ஆனந்த விகடனை வாங்கினார். நவசக்தியில் பணியாற்றிய ரா. கிருஷ்ணமூர்த்தி, ‘ஏட்டிக்குப் போட்டி’ என்னும் நகைச்சுவைக் கட்டுரையை அதற்கு அனுப்பினார், வெளிவந்தது. பின்னாளில் அவரே அதன் ஆசிரியரானார். அவர்தாம் கல்கி.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நமக்கு எழுதப் பொருளா இல்லை? ‘இல்லு எக்கட?’ என்று அண்டை வீட்டார் வினவ, புதிதாய் வந்த நம்மவர் ‘இல்லை’ என்று விடையிறுத்தால் அதுவே நகைச்சுவை. ‘இல்’ என்பது தமிழிலும் வீடன்றோ! பிறரைப் புண்படுத்தாது நம்மையே நகைப்போம்.

சுருங்க எழுதுவோம், வீட்டில் உரக்கப் படிப்போம், பிள்ளைகள் சிரித்தால் இதழுக்கு அனுப்புவோம். திரும்பி வந்தால் திருத்தி மீண்டும் அனுப்புவோம்.

நம் பிள்ளைகள் தமிழ் பேசுகின்றனர், பலர் படிப்பதில்லை. சிரிப்பூட்டும் ஏட்டையேனும் அவர்கள் தாமே விரித்துப் படிப்பர்.