பசியை வென்ற நெல்மணி



1959 முதல் 1961 வரை சீனாவைக் கொடிய பஞ்சம் வாட்டியது. கோடிக்கணக்கானோர் மாண்டனர். அந்நாளில் ஹுனான் மாநிலத்து ஆன்ஜியாங் வேளாண் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் யுவான் லோங்பிங். 1930-இல் பெய்ஜிங்கில் பிறந்த நகரத்துப் பிள்ளை. பசியால் மடிந்தவர்களைச் சாலையோரத்தில் கண்டபின் அவர் மனம் நெல்லைத் தவிர வேறொன்றையும் நாடவில்லை.

1961-இல் பள்ளி வயலில் ஒரு நெற்செடி மட்டும் மற்றவற்றைவிடச் செழித்து நின்றது. அதன் விதையை மறு ஆண்டு விதைத்தார். வளர்ந்த பயிரோ நெட்டையும் குட்டையுமாக இருந்தது. வேறொருவராக இருந்தால் சலித்துப் போயிருப்பார். அவரோ சிந்தித்தார். தாய்ச்செடி தானாகவே அமைந்த கலப்பினம். அதனால்தான் அதன் பிள்ளைகள் பலவிதமாயின என்று புரிந்துகொண்டார். தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் நெல்லில் கலப்பினத்தால் பயனில்லை என்று அன்றைய அறிஞர்கள் பலர் கருதினர். கண்ணால் கண்ட செடியை அவர் நம்பினார்.

நெற்பூவில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருக்கும். இரு இனங்களைக் கலக்க வேண்டுமானால், ஆண் பகுதி மலடான செடி வேண்டும். 1964, 1965 ஆகிய இரு ஆண்டுகளிலும் கோடை வெயிலில் 14,000 கதிர்களுக்கு மேல் ஒவ்வொன்றாய்ச் சோதித்தார். மனைவியும் துணை நின்றார். கிடைத்தவை ஆறே செடிகள்!

அதோடு சோதனை தீரவில்லை. கலாசாரப் புரட்சிக் காலத்தில், 1968 மே மாதத்தில் ஓர் இரவு, அவருடைய நாற்றுகளை யாரோ பிடுங்கி எறிந்துவிட்டனர். கிணற்று நீரில் மிதந்த சில நாற்றுகளை மீட்டு, ஆய்வை மீண்டும் தொடங்கினார்.

1970 நவம்பரில், ஹைனான் தீவில் அவருடைய உதவியாளர் லீ பிஹுவும், உள்ளூர்ப் பண்ணையைச் சேர்ந்த ஃபெங் கெஷானும் ஒரு மலட்டுக் காட்டு நெல்லைக் கண்டெடுத்தனர். திருப்புமுனை அதுவே. அந்த அரிய செடியின் வழித்தோன்றல்களை யுவான் தமக்கென்று பூட்டி வைக்கவில்லை. நாட்டின் பல மாநில ஆய்வாளர்களுக்கும் பகிர்ந்தளித்தார். பல கைகள் சேர்ந்ததால் 1973-இல் வெற்றி கிட்டியது. 1976 முதல் கலப்பின நெல் பெருமளவில் பயிரானது. விளைச்சல் சுமார் 20 விழுக்காடு உயர்ந்தது.

ஒரு குறையும் உண்டு. கலப்பின நெல்லின் விளைச்சலையே மறு ஆண்டு விதையாக்கினால் பயிர் சீராக வராது. விவசாயி ஒவ்வோர் ஆண்டும் புது விதை வாங்கவே வேண்டும். ஆயினும் நிலம் குறைவாகவும் வாய்கள் அதிகமாகவும் உள்ள நாட்டுக்கு அது பெருந்துணையானது.

யுவானின் அறிவு சீன எல்லையோடு நிற்கவில்லை. இந்தியாவின் கலப்பின நெல் முயற்சிக்கும் அவர் ஆலோசனை வழங்கினார். 2004-இல் உலக உணவுப் பரிசு, சியரா லியோனின் மோன்டி ஜோன்ஸுடன் சேர்த்து அவருக்கு வழங்கப்பட்டது.

புகழ் வந்தபின்னும் அவர் வரப்பை விட்டு விலகவில்லை. ஆளுயர நெற்பயிரின் நிழலில் இளைப்பாறுவதாகக் கனவு கண்டதை அடிக்கடி சொல்வார். 2021 மார்ச்சில் ஹைனான் ஆய்வுக் களத்தில் கீழே விழுந்தார். மே 22-ஆம் நாள் சாங்ஷா நகரில், தம் 90-ஆம் வயதில் காலமானார். மக்கள் மலர்களோடு திரண்டு வந்து அஞ்சலி செலுத்தினர்.

நேயர்களே, பஞ்சத்தைக் கண்டு கண்ணீர் விட்டவர்கள் பலர். அந்தக் கண்ணீரோடு சேற்றில் இறங்கியவர் யுவான். அடுத்த முறை தட்டில் சோற்றை மிச்சம் வைக்குமுன், அந்த 14,000 கதிர்களை ஒரு கணம் நினைத்துப் பார்ப்போம்.