எந்த இடத்தில் வெல்டிங் கற்றுக்கொள்வது?

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை. பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன்.)



அழைப்பிதழில் என் பேருக்கு நேராக 'இளைஞர்களும் வேலைவாய்ப்பும்' என்று அச்சடித்திருக்கிறார்கள். அந்தத் தலைப்பில் ஒரு மணி நேரம் பேசலாம், கேட்டவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் நான் வெல்டிங் ஒன்றைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். காரணம் இருக்கிறது. சங்க நிதியிலிருந்து வருஷத்துக்கு இரண்டு பிள்ளைகளைத் தொழிற்பயிற்சிக்கு அனுப்பலாம் என்று போன கூட்டத்தில் பேசினோம். செயலாளர் ஒரு கட்டு நோட்டீஸை என் கையில் திணித்து, "நீ வெல்டிங் லைன்ல இருந்தவன், எது தேறும்னு பாத்துச் சொல்லுப்பா" என்றார். பார்த்தேன். சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக: நான் இங்கே இயற்பியல் படித்தவன். ஆய்வுக்கூடத்தில் கார்பன் ஆர்க் விளக்கைக் காட்டியபோது, "கண்ணை மூடுடா"ன்னு சார் தலையில் ஒரு தட்டு தட்டினார். அந்த வெளிச்சத்திலேயே பிழைப்பு நடக்கும் என்று அன்றைக்குத் தெரியாது. ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் ஸ்டோர் குமாஸ்தாவாகச் சேர்ந்து, வெல்டிங் இன்ஸ்பெக்டராக வெளியே வந்தேன். கையில் ஹோல்டர் பிடித்து நல்ல ஜாயிண்ட் போட இன்றைக்கும் எனக்கு வராது. ஆனால் மற்றவன் போட்டதில் குறை கண்டுபிடித்து முப்பது வருஷம் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் மாதனூர். ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில், ஒரு பக்கம் பாலாறு, ஒரு பக்கம் நெடுஞ்சாலை. காலையில் ஷூ கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். எங்கள் தெருவில் ஒரு தங்கச்சி, சொந்தத் தங்கச்சி இல்லை, என்னை அண்ணா என்று கூப்பிடுவாள், அப்படி ஒரு கம்பெனியில் அப்பர் தைக்கிறவள். 2021-ல் அவள் பையன் பிளஸ் டூ முடித்தான். ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து காட்டினாள். சென்னையில் ஒரு தனியார் பயிற்சி நிலையம். '45 நாளில் 6ஜி வெல்டர், வளைகுடாவில் வேலை நிச்சயம்.' கட்டணம் 60,000 ரூபாய்.

"இன்னாண்ணா சொல்ற, கட்டலாமா?"

நான் நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். படத்தில் மெஷின்கள் பளபளவென்று இருந்தன. "நல்லாத்தான் இருக்குது, அனுப்பு" என்றேன். நேரில் போய்ப் பார்க்கவில்லை. ஒரு போன் கூடப் போடவில்லை. அவள் மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கட்டினாள்.

பையன் சான்றிதழோடு வந்தான். கம்பெனி ஒன்றில் கை டெஸ்ட் வைத்தார்கள். முதல் சுற்றிலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்தவன் என் வீட்டுப் பக்கம் ஒரு மாசம் தலை காட்டவில்லை. அப்புறம் ஒருநாள் நானே கூப்பிட்டுக் கேட்டேன், "அங்க ஒரு நாளைக்கு எத்தினி ராடு எரிச்ச?" என்று. "மூணு நாலு கெடைக்கும் மாமா. பன்னெண்டு பேருக்கு ரெண்டு மெஷின்." பைப் ஜாயிண்ட் மொத்தமே ஐந்தாறுதான் போட்டிருக்கிறான். ஒன்றையும் அறுத்துப் பார்க்கவில்லை.

6ஜி என்றால் என்னவென்று சொன்னால்தான் இந்தக் கணக்கு புரியும். இரண்டு குழாய்களை முனையோடு முனை சேர்த்து, 45 டிகிரி சாய்வாக அசையாமல் நிறுத்திவிடுவார்கள். குழாயைத் திருப்பக் கூடாது, வெல்டர்தான் சுற்றி வர வேண்டும். கீழே தலைக்கு மேல் வேலை, பக்கத்தில் செங்குத்து வேலை, மேலே வந்தால் குனிந்து வேலை. எல்லாம் ஒரே ஜாயிண்டில், அதுவும் சாய்வாக. இதில் உயிர் நாடி முதல் சுற்று, ரூட் ரன் என்போம். இரண்டு முனைக்கும் நடுவில் சின்ன இடைவெளி விட்டிருக்கும். அந்த இடைவெளி வழியாக உலோகம் உருகி, குழாயின் உட்புறத்தில் சீராக ஒரு வரி எழும்ப வேண்டும். வெல்டர் உள்ளே பார்க்க முடியாது. உருகும் குட்டையின் நிறத்தையும் நடுக்கத்தையும் பார்த்து உள்ளே என்ன ஆகிறது என்று கை தெரிந்துகொள்ள வேண்டும். நம்ம ஊர்ப் பெண்களிடம் கேளுங்கள். அப்பர் தைக்கும்போது அடிநூல் கண்ணுக்குத் தெரியாது, மெஷின் சத்தத்திலேயே நூல் தளர்ந்ததைக் கண்டுபிடிப்பார்கள். அது எத்தனை ஜோடி தைத்த பிறகு வந்தது? இதுவும் அப்படித்தான்.

ஆகவே எந்தப் பயிற்சி இடத்தையும் நான் இப்போது ஒரே கணக்கில்தான் பார்க்கிறேன். பையன் எத்தனை மணி நேரம் ஆர்க் அடிக்கிறான்? போட்ட ஜாயிண்டை எத்தனை முறை உடைத்துக் காட்டுகிறார்கள்?

இந்தக் கணக்கோடு தமிழ்நாட்டில் இருப்பதைப் பார்ப்போம்.

அரசு ஐ.டி.ஐ. 1950-ல் மத்திய அரசு ஆரம்பித்த கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் வருவது. வெல்டர் பிரிவு ஒரு வருஷம். எட்டாவது தேறியிருந்தால் போதும். ஃபிட்டர் என்றால் இரண்டு வருஷம், பத்தாவது வேண்டும். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை என்று தந்து வந்திருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துவிட்டு ஐ.டி.ஐ. சேர்ந்த பையன்களுக்கும் மாதம் 1000 ரூபாய் என்று வைத்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே புதுமைப் பெண் திட்டம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், பெண் வெல்டர்களை நான் பார்த்திருக்கிறேன். டிக் வெல்டிங்கில் நிதானமான கை.

ஐ.டி.ஐ.யின் பலம் அந்த ஒரு வருஷம். பலவீனம், எல்லா ஐ.டி.ஐ.யும் ஒன்று போல இல்லை. ஒன்றில் ராடு கட்டுக் கட்டாக இருக்கும், இன்னொன்றில் ராடு வர மூன்று மாதம் ஆகும். ஒன்றில் பயிற்றுநர் ஷீல்டு போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவார், இன்னொன்றில் கரும்பலகையிலேயே வெல்டிங் நடக்கும். பயிற்றுநர்களுக்கே பயிற்சி கொடுக்கக் கிண்டியில் மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. அங்கே பயிற்சி எடுத்து வந்தவர் ஒருவர் இருந்தால் அந்த ஐ.டி.ஐ.யின் வாடையே வேறு. 2022-ல் டாட்டா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்க ஒப்பந்தம் போட்டார்கள். ரோபோ, கம்ப்யூட்டர் மெஷின் எல்லாம் வந்தது. கார் தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளைக்கு நல்லது. நம்ம பக்கத்து பாய்லர் பைப்பை ரோபோ வந்து படுத்துக்கொண்டு வெல்ட் பண்ணாது.

அடுத்து திருச்சி. பி.ஹெச்.இ.எல். வளாகத்தில் இருக்கும் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம், டபிள்யூ.ஆர்.ஐ. 1975-ல் ஐக்கிய நாடுகள் உதவியோடு ஏற்பட்டது. 1996-ல் என் கம்பெனி என்னை அங்கே ஒரு குறுகிய காலப் பயிற்சிக்கு அனுப்பியது. நான் அதுவரை தலைகால் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்த எக்ஸ்-ரே ஃபிலிம்கள் அங்கேதான் பேச ஆரம்பித்தன. இது ஊதல் ஓட்டை, இது கசடு, இது உள்ளே உருகாமல் விட்டது என்று. அங்கே வெல்டர்களுக்கும் பயிற்சி உண்டு, தேர்வு உண்டு. அந்தக் காகிதத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒன்று. கை பழகியவனுக்குத்தான் அது லாபம். ஹோல்டரையே பிடிக்காத பையனைக் கொண்டுபோய் அங்கே விட்டால், நீச்சல் தெரியாதவனை மேட்டூர் அணையில் இறக்கிய கதை.

கட்டுமானக் கம்பெனிகள் நடத்தும் பள்ளிகளும் உண்டு. எல் அண்ட் டி நிறுவனம் கட்டுமானத் தொழிலுக்குக் கட்டணம் வாங்காமல் பயிற்சி கொடுக்கிறது. அவர்கள் சைட்டுக்கு ஆள் வேண்டும், அதற்காகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதில் தப்பில்லை. ஊர் விட்டு ஊர் போய்த் தங்கத் தயாராக இருக்கிற பையனுக்கு நல்ல வழி.

பிறகு குறுகிய காலப் பயிற்சிகள். அரசுத் திட்டத்தில் இலவசமாக நடப்பவையும் உண்டு, தனியார் பணம் வாங்கி நடத்துபவையும் உண்டு. இரண்டிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள். ஐ.டி.ஐ. முடித்தவன் டிக் மட்டும் ஒரு மாதம் தீட்டிக்கொள்ளப் போனால் பிரயோஜனம். ஆரம்பமே அங்கே என்றால் எங்கள் தெருப் பையன் கதைதான்.

வெளிநாட்டு ஆசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளைகுடா வேலை வாங்கித் தர, பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான், அதற்கு மேல் சட்டப்படி கிடையாது. தமிழக அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று இருக்கிறது. பத்தாவது தேறாதவன் வளைகுடாவுக்குப் போனால் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டிய முத்திரை விழும். எட்டாவதோடு நிறுத்திவிட்டு வெல்டர் படிக்கும் பையனிடம் இதை யாரும் சொல்வதில்லை. பத்தாவதை எழுதிவிட்டு வாடா என்று நாம் சொல்லலாம்.

இனி, நான் நேரில் போய்ப் பார்த்த விதம். இந்த மூன்று மாதத்தில் நோட்டீஸ் கொடுத்தவர்களில் ஏழு இடத்துக்குப் போனேன். ஆபீசில் உட்காரவில்லை. நேராகப் பட்டறைக்குப் போய், மூலையில் இருக்கும் ஸ்கிராப் தொட்டியைத்தான் முதலில் பார்த்தேன். அறுத்த குழாய்த் துண்டும், வளைத்து உடைத்த பட்டைகளும் தொட்டி நிறையக் கிடந்தால் அங்கே வேலை நடக்கிறது. தொட்டி துடைத்து வைத்தாற்போல் இருந்தால் வந்த வழியே திரும்பிவிடலாம். அப்புறம் தரையில் கிடக்கும் மிச்ச ராடு. விரல் நீளத்துக்குக் குட்டையாக இருந்தால் பையன் முழு ராடையும் எரித்திருக்கிறான். அப்புறம் ராடு காய வைக்கும் அடுப்பு சூடாக இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்தேன். 7018 ராடு ஈரம் குடித்தால் வெல்டில் ஹைட்ரஜன் போய் வெடிப்பு விடும், அதனால் 300 டிகிரிக்கு மேல் காய வைக்கணும். ஓர் இடத்தில் அந்த அடுப்புக்குள் மதிய சாப்பாட்டு டிபன் பாக்ஸ் இருந்தது. சாப்பாடு சூடாக இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

ஏழில் இரண்டுதான் தேறின. இரண்டும் அரசு ஐ.டி.ஐ. பெயர்களைச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு குறை எல்லா இடத்திலும் பார்த்தேன். நம்ம தோல் ஷாப்பில் தொட்டிக்குள், குழிக்குள் இறங்கி வெல்ட் வைக்கிற வேலை உண்டு. சுண்ணாம்புத் தொட்டிக் கழிவில் சல்ஃபைடு இருக்கும். அதில் அமிலத் தண்ணீர் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும். அதிகம் ஆனால் நாற்றமே தெரியாமல் ஆளைச் சாய்த்துவிடும். இறங்குமுன் காற்றைச் சோதிப்பது, மேலே ஒருவன் கயிற்றோடு நிற்பது, இதை யாரும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை. நம்மில் வேதியியல் படித்து டேனரியில் இருப்பவர்கள் நாலைந்து பேர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். வருஷத்தில் ஒரு சனிக்கிழமை போய்ப் பாடம் எடுங்கள்.

பணத்தை என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். ஐ.டி.ஐ.க்குக் கட்டணம் இல்லையே, சங்கம் எதற்கு? எனக்குத் தோன்றுவது இது. முதல் வருஷம் ஐ.டி.ஐ. அதற்கு நாம் நல்ல ஷூ, ஷீல்டு, கையுறை, கொஞ்சம் பஸ் செலவு கொடுத்தால் போதும். இரண்டாவது, 1961-ம் வருஷ அப்ரெண்டிஸ் சட்டப்படி தொழிற்சாலைப் பயிற்சி. உதவித்தொகை அவர்களே தருவார்கள், இடம் வாங்கித் தர நமக்கு ஆள் தெரியும். மூன்றாவதாக, கை பழகின பிறகு, டபிள்யூ.ஆர்.ஐ. மாதிரி இடத்தில் பயிற்சியும், பாய்லர் துறை வைக்கும் வெல்டர் தேர்வும். இந்தக் கடைசிப் படியில்தான் பணம் தேவைப்படும், அங்கேதான் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். பாய்லர் சான்றிதழை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கவும் வேண்டும். நம் நிதியை அங்கே வையுங்கள் என்பது என் கோரிக்கை. கூட்டத்தில் எதிர்ப்பு இருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு சண்டை போடலாம்.

எங்கள் தெருப் பையன் 2022-ல் ஐ.டி.ஐ. சேர்ந்தான். அவன் அம்மா என்னிடம் கேட்காமல் சேர்த்தாள், அது நியாயம்தான். அடுத்த வருஷம் முடித்து, ராணிப்பேட்டை பக்கம் ஒரு வருஷம் அப்ரெண்டிஸ். 2025-ல் பாய்லர் வெல்டர் தேர்வு எழுதினான். குழுக் கடனில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். அவள் முதலில் வாங்க மாட்டேன் என்றாள், அப்புறம் வாங்கிக்கொண்டாள்.

இந்தப் பையில் இரண்டு குழாய்த் துண்டு கொண்டுவந்திருக்கிறேன். நீளவாக்கில் அறுத்தது. கையில் வாங்கி உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். சாக்குக் கயிறு கட்டியிருப்பது 2021-ல் அவன் போட்டது. ஒரு பக்கம் முழுக்க உருகாமல் பள்ளமாக இருக்கும். கயிறு இல்லாதது போன வருஷம் தேர்வுக்கு முன் பழகியபோது போட்டது. கடைசி வரிசை வரைக்கும் போகட்டும். திரும்ப என்னிடம் வந்து சேர வேண்டும், அவனுக்குத் திருப்பிக் கொடுக்கணும்.