திரிபுவன்தாஸ் விட்டுச் சென்றது
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஒரு நிறுவனத்தின் தலைவர் தமக்குப் பின் எதை விட்டுச் செல்ல வேண்டும் என்பது செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு. டாடா, பிர்லா கதைகளை நிறையக் கேட்டிருப்பீர்கள். மும்பையில் தினமும் காலையில் நம் வாசலுக்கு வரும் பால் பாக்கெட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

அமுல் என்றதும் வர்கீஸ் குரியன் நினைவுக்கு வருவார். சென்னை லயோலாவிலும் கிண்டியிலும் படித்தவர் என்பதால் நமக்குக் கொஞ்சம் உரிமையும் உண்டு. ஆனால் அவருக்கு முன்னால் அங்கே இருந்தவர் திரிபுவன்தாஸ் படேல். கேடா ஜில்லா விவசாயிகள், தரகர்களும் போல்சன் நிறுவனமும் சொன்ன விலைக்குப் பால் ஊற்றிய காலம் அது. சர்தார் படேலின் யோசனைப்படி 1946-ல் 15 நாட்கள் பால் ஊற்ற மறுத்தார்கள். அந்த டிசம்பரிலேயே அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் பதிவானது. அதன் தலைவர் திரிபுவன்தாஸ். கிராமம் கிராமமாகப் போய் உறுப்பினர்களைச் சேர்த்தவரும் அவரே.

குரியன் 1949-ல் ஆனந்துக்கு வந்தது வேண்டா வெறுப்பாக. அரசாங்க உபகாரச் சம்பளத்தில் வெளிநாட்டில் படித்ததற்கு பாண்டு! அது முடிந்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தவரை, சங்கத்தின் பழைய இயந்திரங்களைச் சரிசெய்து தரச் சொல்லி நிறுத்தி வைத்தார் திரிபுவன்தாஸ். அதன்பின் விவசாயிகளையும் அரசியலையும் தாம் பார்த்துக்கொண்டு, ஆலையை அவரிடமே விட்டுவிட்டார். எருமைப் பாலில் பவுடர் எடுக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொன்னபோது, முடியும் என்று செய்து காட்டியவர் குரியனின் சிநேகிதர் தலாயா. 1955-ல் புதிய ஆலையை நேரு திறந்து வைத்தார்.

கெட்டிக்காரனை வேலைக்கு வைப்பது சுலபம். அவன் பெயர் தன் பெயரைவிடப் பெரிதாவதைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருப்பது எத்தனை பேருக்கு வரும்?

1970-களின் தொடக்கத்தில் திரிபுவன்தாஸ் தாமாகவே விலகினார். உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டு 6 லட்சம் ரூபாய் பணமுடிப்பு கொடுத்தார்கள். அதை முதலாக வைத்து, கிராமங்களில் தாய் சேய் நலத்துக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார். நம்மில் பலரும் ஓய்வு பெற்ற பிறகு கோயில் கமிட்டி, ஹவுசிங் சொசைட்டி என்று ஏதோ ஒரு நாற்காலியில் இருக்கிறோம். இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

குரியன் அப்படி எழுந்து போகவில்லை. 1973-ல் ஏற்பட்ட மாநிலச் சம்மேளனத்தின் தலைவராக 2006 வரை இருந்தார். கடைசியில் உறுப்புச் சங்கங்களின் ஆதரவு இல்லாமல் விலகும்படி ஆயிற்று. நன்றி கெட்டவர்கள் என்று பலர் வருத்தப்பட்டார்கள். அரசியலும் கலந்திருந்தது, மறுக்கவில்லை. ஆனாலும் எனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. ஒரு எருமை வைத்திருப்பவருக்கும் பத்து வைத்திருப்பவருக்கும் கிராமச் சங்கத்தில் ஒரே ஓட்டு. அந்த அஸ்திவாரத்தின் மேல்தான் அவர் எல்லாவற்றையும் கட்டினார். கட்டியவரையே போதும் என்று சொல்லும் பலம் அதற்கு இருந்தது. சொன்ன பிறகும் அது சாய்ந்துவிடவில்லை. 2005-06-ல் 3,774 கோடி ரூபாயாக இருந்த சம்மேளனத்தின் விற்பனை, 2022-23-ல் 55,055 கோடி!

ஆள் தயாரிக்கும் காரியத்தையும் குரியன் மறக்கவில்லை. 1979-ல் ஆனந்தில் அவர் ஆரம்பித்த கிராமிய மேலாண்மைக் கல்வி நிலையத்தின் முதல் அணியில் படித்த ஆர்.எஸ். சோதி, 2010 முதல் 2023 தொடக்கம் வரை சம்மேளனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தார். அந்தக் கல்வி நிலையம் 2025-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் கூட்டுறவுப் பல்கலைக்கழகமாயிற்று. அதற்கு வைத்திருக்கும் பெயர் திரிபுவன்.