சம்பளத் துண்டும் மெமரி கார்டும்

(கல்முனையில் நடைபெற்ற எமது அங்கத்தவர் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

விடியுமுன்னே லயத்தை விட்டு வெளிக்கிட்டு, மலையிறங்கி இந்தக் கடற்கரைக்கு வந்திருக்கிறீர்கள். பிள்ளைகள் கடலைப் பார்க்க அவசரப்படுகிறார்கள். அதனால் ஒரே ஒரு விடயத்தை மட்டும் பேசுகிறோம்: போனில் இருக்கிற படங்களை வயர் போட்டு கொம்பியூட்டருக்கு எடுப்பது எப்படி? "இதச் சொல்லத்தானா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீங்க?" என்று ஒரு அக்கா பஸ்ஸிலேயே கேட்டுவிட்டார். காரணம் இருக்கிறது, அக்கா.

எங்களில் சிலர் இந்தக் கரையில் பிறந்து மலையில் படிப்பிக்கிறவர்கள். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை கடல் வந்தபோது, இந்த அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் உயிர் தப்பியவர்களிடம் அடுத்த கிழமை கேட்கப்பட்ட கேள்வி என்ன தெரியுமா? அடையாள அட்டை எங்கே, பிறப்புச் சான்றிதழ் எங்கே, காணி உறுதி எங்கே? எல்லாம் கடலோடு போயிருந்தது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோதும் அப்படித்தான். லயத்தோடு டிரங்குப் பெட்டியும் மண்ணுக்குள் போனது.

தாள் இல்லாததால் மலையக மக்கள் பட்ட பாடு அதற்கும் முந்தியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தகப்பன் இங்கே பிறந்ததைக் காட்டு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டு என்றது. உழைத்தது இங்கே, பிறந்ததும் இங்கே; காட்டத்தான் பலரிடம் தாள் இல்லை. ஆகவே தாளைக் காப்பாற்றுவதும் சங்க வேலைதான்.

இனி நடந்த ஒரு சம்பவம். ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் ஓர் அம்மாவுக்கு 50 வயது நிறைந்து, வேலையை விட்டு ஊழியர் சேமலாப நிதியை எடுக்கப் போனார். கணக்கில் ஏழு மாதத்துப் பணம் விழவில்லை. சம்பளத்தில் 8 சதவீதம் வெட்டப்பட்டிருக்கிறது. நிர்வாகம் போட வேண்டியது 12 சதவீதம். 20,000 ரூபாய்ச் சம்பளம் என்றால் 1,600உம் 2,400உம் சேர்ந்து மாதம் 4,000 ரூபாய். ஏழு மாதத்துக்கு 28,000. வட்டி வேறு.

வெட்டியதற்கு ஆதாரம் சம்பளத் துண்டு. அதுவோ கூரை ஒழுகி நனைந்து, எழுத்தே அழிந்துவிட்டது. ஆனால் மகள் மாதா மாதம் துண்டைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். அந்தப் போன் கீழே விழுந்து திரை கறுத்துவிட்டது. "செத்த போன், புதுசு வாங்குங்க" என்றார் கடைக்காரர்.

நாங்கள் வயரைப் போட்டுப் பார்த்தோம். கொம்பியூட்டர் சத்தம் போட்டது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. போன் பூட்டிக் கிடந்தது. திரை வேலை செய்யாததால் திறக்க வழியில்லை. பிறகு ஊசியால் தட்டை இழுத்து மெமரி கார்டை வெளியே எடுத்து, கார்ட் ரீடரில் போட்டோம். படங்கள் வந்தன! ஆனால் ஐந்து மாதத்துப் படங்கள்தான். கார்ட் நிறைந்த பிறகு எடுத்த மற்ற இரண்டும் போனின் உள் நினைவகத்தில் மாட்டிக்கொண்டன. ஐந்து மாதத்துக்கு முறைப்பாடு கொடுத்தோம், விசாரணைக்கு எடுத்தார்கள். இரண்டு மாதத்துக்காக இன்னும் நடக்கிறோம். போன் நன்றாக இருந்த காலத்தில் ஒரே ஒரு நாள் வயர் போட்டிருந்தால் இந்த நடை மிச்சம்.

எப்படிச் செய்வது? பிள்ளைகளே, நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

முதலில் வயர். சில மலிவு வயர்கள் சார்ஜ் ஏற்ற மட்டும்தான். அவற்றில் படம் போகாது. கொம்பியூட்டர் போனைக் காணவில்லை என்றால் போனைத் திட்டுமுன் வயரை மாற்றுங்கள்.

இரண்டாவது, போனைப் பூட்டுத் திறந்து வைத்திருங்கள். வயர் குத்தியதும் போன் 'சார்ஜ் ஆகிறது' என்று மட்டும் சொல்லும். திரையை மேலிருந்து கீழே இழுத்து, அந்த அறிவிப்பைத் தொட்டு, 'பைல் டிரான்ஸ்பர்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். தமிழில் வைத்திருந்தால் 'கோப்பு இடமாற்றம்' என்பது போல வரும். பட்டன் போன்களில் 'மாஸ் ஸ்டோரேஜ்' என்று கேட்கும். அதைக் கொடுத்தால் வயரைக் கழற்றும் வரை போன் அந்தக் கார்டைப் பாவிக்காது. பயப்பட வேண்டாம்.

மூன்றாவது, கொம்பியூட்டரில் போனின் பெயரைத் திறந்தால் இரண்டு பெட்டிகள் தெரியும். ஒன்று போனின் உள் நினைவகம், மற்றது மெமரி கார்ட். இரண்டையும் பாருங்கள். 'டிசிஐஎம்' என்ற போல்டருக்குள் 'கேமரா' இருக்கும், படங்கள் அங்கேதான்.

நான்காவது, 'கட்' பண்ணாதீர்கள், 'கொப்பி' பண்ணுங்கள். பாதியில் மின்சாரம் போனால் கட் பண்ணியது இரண்டிடத்திலும் இல்லாமல் போகலாம். கொப்பி ஆனதும் ஒவ்வொரு படத்தையும் திறந்து, எழுத்து வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். ஒரு பிரதியைப் பென் டிரைவிலும் போட்டு, வேறு வீட்டில் வையுங்கள். ஒரே லயத்தில் இரண்டு பிரதி இருந்தால் மண்ணும் நெருப்பும் இரண்டையும் சேர்த்தே எடுக்கும்.

ஐந்தாவது, 'போர்மட் செய்யவா' என்று கேட்டால் ஒருபோதும் 'ஓம்' கொடுக்காதீர்கள். அது கார்டைத் துடைத்துவிடும். புதுக் கார்ட் போடும்போது சில போன்கள் அதை உள் நினைவகமாகச் சேர்க்கவா என்று கேட்கும். அதற்கும் 'வேண்டாம்' சொல்லுங்கள். அப்படிச் சேர்த்த கார்டை வேறு எந்தப் போனும் ரீடரும் வாசிக்காது. அந்த அம்மாவின் கார்ட் அப்படி இருந்திருந்தால் அந்த ஐந்து மாதமும் கிடைத்திராது.

வட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா என்று கேட்பீர்கள். அதில் படம் சுருங்கும், சின்ன எழுத்துக் கலங்கும். அவசரத்துக்கு அனுப்பலாம், ஆதாரமாக வைப்பது முதல் எடுத்த படமாகவே இருக்கட்டும். வெட்டாதீர்கள், திருத்தாதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி, இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பதிவை ஒதுக்க முடியாது. ஆனாலும் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். தாள் தாய், படம் பிள்ளை.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. டவுனில் கொமியுனிகேஷன் கடையில் போனைக் கொடுத்துவிட்டு மரக்கறி வாங்கப் போகாதீர்கள். அதில் உங்கள் மகள்மாரின் படமும் இருக்கிறது. பக்கத்தில் நின்று, வேண்டிய படத்தை மட்டும் எடுத்து, கடைக் கொம்பியூட்டரில் உள்ள பிரதியை அழித்த பிறகே வெளிக்கிடுங்கள்.

என்னென்ன படம் பிடிப்பது? சம்பளத் துண்டு, கொழுந்து நிறுத்த கணக்கு, அரைப்பேர் போட்ட நாள், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிக் கூற்று, வேலைக்குச் சேர்ந்த கடிதம். ஐந்து வருடம் முடித்தவருக்குச் சேவைக்காலப் பணம் உண்டு. நாட்சம்பளக்காரருக்கு வருடம் ஒன்றுக்கு 14 நாள் சம்பளம். எத்தனை வருடம் என்று கேட்கும்போது காட்ட இந்தப் படங்கள் உதவும்.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் வயர் போடத் தெரிந்த இரண்டு பிள்ளைகளைத் தெரிவு செய்யட்டும். அதில் ஒன்று பெண் பிள்ளையாக இருக்கட்டும். சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு அவர்கள் லயம் லயமாக வருவார்கள். அன்று துண்டை மடித்துச் சேலைத் தலைப்பில் முடியாமல், முதலில் படம் பிடிக்கக் கொடுங்கள்.

பேச்சு முடிந்தது. பிள்ளைகளே, இனிக் கடலுக்குப் போகலாம். போனை மட்டும் தண்ணீருக்குக் கொண்டு போகாதீர்கள், அதில் இன்னும் வயர் போடவில்லை!