பயணத் தாமதமும் பொறுமையின் பொருளும்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

அலுவல் நிமித்தம் விமானம் ஏறுவது இன்று நம் வட்டாரத்தில் வழக்கமாகிவிட்டது. நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் பணிபுரிவோர் ராஜஸ்தானின் பர்சிங்சர் சுரங்கத்திற்கும், ஒடிசாவின் தாலபிரா சுரங்கத்திற்கும் செல்கின்றனர். வேறு சிலர் வளைகுடா நாடுகளுக்குச் செல்கின்றனர். மொழி தெரியாத நகரில், விமானம் தாமதம் என்ற அறிவிப்பைக் கேட்டு இரவெல்லாம் விழித்திருக்கும் பிள்ளை வீட்டிற்குத் தொலைபேசியில் பேசும்போது, "பொறுமையாய் இரு" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தப் பொறுமைக்குப் பொருள் என்ன?

2015 டிசம்பர் பெருமழையில் அடையாற்று வெள்ளம் சென்னை விமான நிலைய ஓடுபாதையை மூழ்கடித்தது. டிசம்பர் 6ஆம் நாள்தான் பயணிகள் விமானங்கள் மீண்டும் புறப்படத் தொடங்கின. இடைப்பட்ட நாட்களில் அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து சில விமானங்கள் இயக்கப்பட்டன. அது இயற்கையால் நேர்ந்த தடை. 2025 டிசம்பரிலோ, விமானிகளின் பணிநேர விதிகள் மாறியபோது தக்க ஆயத்தம் இல்லாததால் நாடெங்கும் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. இது மனிதரால் நேர்ந்தது. இரண்டிலும் பயணிக்குப் பொறுமை வேண்டும். ஆனால் பொறுமை என்பது செயலற்றுக் கிடப்பதன்று.

முதலாவது, தொழுகையைப் பேணுதல். எப்போது புறப்படுவோம் என்றறியாதவர் கஸ்ர் செய்யலாமா என்று பலர் வினவுகின்றனர். ஹனஃபி மத்ஹபில், ஓரூரில் 15 நாட்கள் தங்க உறுதிகொள்ளாதவரை அவர் முஸாபிரே. இன்று போவேன், நாளை போவேன் என்று நாட்கள் நீண்டாலும் நான்கு ரக்அத்தை இரண்டாகவே தொழுவார். ஷாஃபிஈ மத்ஹபில் இத்தகைய காத்திருப்புக்கு 18 நாட்கள் வரை கஸ்ர் உண்டு. ஜம்உ செய்யவும் அனுமதி உண்டு. இப்னு உமர் (ரலி) அவர்கள் அஸர்பைஜானில் பனியால் வழி அடைபட்டு ஆறு மாதங்கள் தங்க நேர்ந்தபோது கஸ்ராகவே தொழுததாக அறிவிக்கப்படுகிறது. வழியில் தடைபட்டோரின் சிரமத்தை மார்க்கம் அன்றே அறிந்திருந்தது.

இரண்டாவது, உரிமையை அறிந்து அமைதியாகக் கேட்டல். இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, இரண்டரை மணி நேரத்திற்குட்பட்ட உள்நாட்டுப் பயணத்தில் 2 மணி நேரத் தாமதத்திற்கே சிற்றுண்டி தர வேண்டும். தாமதம் 6 மணி நேரத்தைக் கடக்குமானால் மாற்று விமானமோ முழுக் கட்டணமோ கேட்கலாம். 24 மணி நேரத்தைக் கடந்தால் தங்குமிடமும் உண்டு. இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே புறப்பட வேண்டிய விமானம் 6 மணி நேரத்திற்கு மேல் தாமதித்தாலும் அவ்வாறே. வெள்ளம் போன்ற அசாதாரண நிலையில் மட்டும் இழப்பீடு கோர இயலாது. இவற்றைக் கேட்பது பொறுமைக்கு மாறானதன்று. முகப்பில் நிற்கும் ஊழியரை ஏசுவதே மாறானது. தாமதத்திற்கு அவர் காரணமல்லர்.

மூன்றாவது, அருகிலிருப்பவரைக் கவனித்தல். ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் இப்னுஸ் ஸபீல் எனும் வழிப்போக்கரும் ஒருவர். தன் ஊரில் வசதி படைத்தவராயினும், வழியில் கைப்பொருளின்றி நின்றால் அவருக்கு உதவுவது கடமையின் பாற்பட்டது என்றால், அந்நிலையின் கடுமையை நாம் உணர வேண்டாமா? தொலைபேசியில் மின்னூட்டம் தீர்ந்த முதியவருக்கு நம் தொலைபேசியை நீட்டுவதும், கைக்குழந்தையோடிருக்கும் தாய்க்கு இருக்கை தருவதும் அக்கடமையின் சிறு கிளைகளே.

எனவே இளைஞர்களே, பயணச்சீட்டின் நகலும், மருந்தும், ஒரு நாள் செலவுக்கான ரொக்கமும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நேர்முகத் தேர்வோ, பணியில் சேரும் நாளோ இருந்தால் ஒரு நாள் முன்னதாகப் புறப்படுங்கள். தாமதம் உறுதியானவுடன் வேலை தருபவருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். அச்செய்தி ஒன்றே உங்கள் வேலையைக் காக்கக்கூடும். பெற்றோர்களே, பிள்ளை அழைக்கும்போது பதற்றத்தைக் கூட்டாமல் ஆறுதலாகப் பேசுங்கள்.

பயணம் செல்வோர் அனைவரையும் அல்லாஹ் நலமுடன் இல்லம் சேர்ப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.