எடுத்து வாழும் நத்தையா? தழைத்து வாழும் மரமா?



எதிரணிச் சகோதரர், அமெரிக்காவின் கிழக்குக் கடலோரத்தில் வாழ்கிற எலிசியா குளோரோடிகா என்ற ஓடில்லாத நத்தையைத் தூக்கி வச்சுப் பேசினார். அது பாசியைத் தின்னுமாம். அதிலுள்ள பச்சையத் துகள்களை மட்டும் செரிக்காமல் உடம்பிலேயே வச்சுக்குமாம். இலை மாதிரி பச்சையா வெளிச்சத்தில் கிடந்தால், மாதக்கணக்கில் சாப்பாடே வேண்டாமாம்! எங்க வீட்டுக்காரருக்கும் அந்த வித்தை தெரிஞ்சா, மொட்டை மாடியில வடகத்தோட அவரையும் காயப்போட்டுட்டு நான் நிம்மதியா இருப்பேனே! (சிரிப்பு, கைதட்டல்)

ஆனா ஒன்றை அவர் சொல்லாமல் விட்டுட்டார். அந்த நத்தையின் முட்டைக்குள்ளே அந்தப் பச்சையம் போகாது. குஞ்சு வெறுங்கையோடுதான் பிறக்கும். மறுபடி பாசியைத் தேடி அலையணும். எடுத்து வச்சது பிள்ளைக்கு ஆகலையே, ஐயா! (கைதட்டல்)

எங்கள் மரத்துக்கு வாங்க. 1994-ல் ஆஸ்திரேலியாவில், சிட்னிக்கு வடமேற்கே ஒரு மலைப்பிளவில் டேவிட் நோபிள் என்ற பூங்கா அலுவலர் கயிறு கட்டி இறங்கினார். அங்கே கண்டது வொலமை பைன். டைனோசர் காலத்துக் குடும்பம்! காட்டில் வளர்ந்த மரம் நூறுகூட இல்லை. ஒரு தண்டு சாய்ந்தால், அடியிலிருந்து இன்னொன்று துளிர்க்கும். வாழையடி வாழை!

"அப்புறம் ஏன் அழியுது?" என்பார் எதிரணியார். எல்லா மரமும் ஏறக்குறைய ஒரே வார்ப்பு. ஒரு நோய் வந்தால் மொத்தமும் போகும். செருப்பு மண்ணில்கூடக் கிருமி வருமாம். அதனால அது இருக்கிற இடத்தையே ரகசியமா வச்சிருக்காங்க. அம்மை போட்ட வீட்டு வாசல்ல நாம வேப்பிலை செருகுவோமே, அதுமாதிரி! 2019-20 காட்டுத்தீயில், ஹெலிகாப்டரிலிருந்து வீரர்கள் இறங்கி, குழாய் போட்டு நனைச்சுக் காப்பாத்தினாங்க.

எங்க அப்பா போனப்ப எனக்கு எட்டு வயசு. அம்மா யாரிடமும் கையேந்தலை. இட்லி சுட்டு வித்தாங்க. ஆனா தெருவே எங்களைச் சுத்தி நின்னுச்சு. அதனாலதான் இந்த மேடையில் நான் நிற்கிறேன். (பலத்த கைதட்டல்)

நத்தையைப் பார்த்து வியப்போம். ஆனால் நம்ம கை தேவைப்படுவது மரத்துக்கு! வேரூன்றி நிற்பவனை ஊர் காத்தால், அடுத்த தலைமுறைக்கு நிழல் கிடைக்கும். நல்ல தீர்ப்பை நடுவர் தருவார் என்று நம்பி அமர்கிறேன்.