எண்ணெய் வேண்டாக் கப்பலுக்கும் துறைமுகம் வேண்டும்

(கிண்ணியாக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்கள் இருக்கும் திசையை நாள்தோறும் பார்த்து வாழ்பவர்கள் நீங்கள். "கப்பல்கள் அணுசக்தியால் ஓடுகின்றன, எண்ணெய் வேண்டாத கப்பலுக்குத் திருகோணமலை எதற்கு?" என்று நம்மவரிற் சிலர் கேட்கின்றனர். அதற்கு விடை கூறவே இன்று உங்கள்முன் நிற்கின்றோம்.

அமெரிக்காவின் 'ஜோன் சீ. ஸ்ரெனிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலை எடுத்துக்கொள்வோம். 1995இல் கடற்படையிற் சேர்ந்த அதனை இரண்டு அணு உலைகள் இயக்குகின்றன. ஒருமுறை இட்ட எரிபொருள் இருபது ஆண்டுகளுக்கு மேல் போதும். ஆனால், அதிலுள்ள ஏறத்தாழ 5,000 பேருக்கும் உணவு வேண்டும். அதன் விமானங்களோ அணுசக்தியாற் பறப்பவையல்ல. அவற்றுக்கு எண்ணெய் வேண்டும். பம்பு தேயும், வால்வு கசியும், விமான இயந்திரம் பழுதுபடும். சில பாகங்கள் கப்பலிலேயே இருக்கும். சிலவற்றை அங்குள்ள பட்டறையிற் செய்துகொள்வர். எஞ்சியவை கரையிலிருந்தே வரவேண்டும்.

உழவு இயந்திரம் வைத்திருப்போருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. தாங்கி நிறைய டீசல் இருந்தாலும், ஒரு பெயாரிங் உடைந்தால் இயந்திரம் வயலிற் கிடக்கும். 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது உதிரிப்பாகத்துக்காகக் கடைகடையாக அலைந்ததை நாம் மறந்துவிட்டோமா?

நமக்குக் கிடைக்காத பாகம் அக்கப்பலுக்கு வான்வழியே சென்றது. 2018 டிசம்பரிலும் 2019 சனவரியிலும் கட்டுநாயக்கா விமான நிலையத்திற் பொருள்களை ஏற்றிய சிறு விமானங்கள், நடுக்கடலில் நின்ற ஸ்ரெனிஸ் கப்பலில் அவற்றை இறக்கின. அஞ்சலும் கருவிகளும் உதிரிப்பாகங்களும் அப்பொருள்களுள் அடங்கும். இத்தகைய முதல் முயற்சி 2018 ஆகஸ்டில் நமது திருகோணமலையிலேயே நடைபெற்றது. படைகளிடையே பொருள்களையும் சேவைகளையும் பரிமாறுவதற்கு 2007இற் செய்யப்பட்டு, 2017இற் புதுப்பிக்கப்பட்ட உடன்படிக்கை இரு நாடுகளுக்கும் உண்டு.

ஆகவே, அணுசக்தி வந்ததனால் நமது துறைமுகத்தின் மதிப்புக் குறையவில்லை. எண்ணெய்க்காக வந்தவன் இனி உதிரிப்பாகத்துக்காக வருவான். மதிப்பு இருக்குமிடத்தில் ஆபத்தும் இருக்கும் என்பதே நமது கவலை.

1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையிற் குண்டு வீசின. குதங்கள் நின்ற நிலம் தீப்பற்றியது. முந்திய இரவு இத்துறைமுகத்தை விட்டுச் சென்ற 'ஹேர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பல், தன் விமானங்கள் உடனில்லாத நிலையில், அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. 1944 ஆகஸ்டில், 'வேலியண்ட்' போர்க்கப்பலைத் தாங்கிநின்ற மிதக்கும் தளம் இத்துறைமுகத்திலேயே உடைந்து அமிழ்ந்தது. பழுது பார்க்க வந்த கப்பலே பழுதாகியது. பிரித்தானியர் 1957இற் சென்றனர். கடலடியிற் சிதைவுகள் எஞ்சின.

அணுசக்தியால் ஓடும் கப்பல் தன் துறைமுகங்களுக்கு வரலாகாது என்று நியூசிலாந்து 1987இற் சட்டம் இயற்றிற்று. அதுவும் சிறிய நாடே. வருவோரிடம் நிபந்தனை கூறப் படைபலம் வேண்டியதில்லை, உறுதி வேண்டும்.

எந்த நாட்டுக் கப்பலாயினும் நமது கோரிக்கை மூன்று. உடன்படிக்கைகள் தமிழிலும் அச்சாகி மக்கள் கையிற் கிடைக்க வேண்டும். அணு உலையுள்ள கப்பல் வருமாயின், கரைவாழ் மக்களுக்கான பாதுகாப்பு ஏற்பாடு முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். துறைமுக வருவாயில் ஒரு பங்கு இக்கரையின் பாலங்களுக்கும், நம் பிள்ளைகள் தொழில் கற்கும் பட்டறைகளுக்கும் வரவேண்டும்.

இது பேராசையன்று. 2021 நவம்பர் 23ஆம் நாள் குறிஞ்சாக்கேணியிற் படகுப் பாதை கவிழ்ந்து, பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகளை நாம் பறிகொடுத்தோம். பாலவேலை முடியாதிருந்ததால் அவர்கள் அப்பாதையில் ஏறினர். நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்கு ஓர் உதிரிப்பாகம் பறந்து செல்லும் நாட்டில், ஒரு களப்பைக் கடக்கப் பிள்ளைகள் உயிரைப் பணயம் வைக்கலாகாது.

துறைமுகம் நம் வாசலில் இருக்கின்றது. அதில் யார் வருகின்றார், எதற்கு வருகின்றார் என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. கேட்போம், ஒன்றாகக் கேட்போம்!